ஏத்தும் எறக்கும்: மன்றத்து அட்மினாக நாலு வருஷம்

சம்பளமே இல்லாமல் அதிகம் திட்டு வாங்கித் தருகிற வேலை, எனக்குத் தெரிந்து, அட்மின் வேலைதான். உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு குழுவுக்கு அட்மினாக இருந்திருப்பீர்கள். கூடப் படித்தவர்கள் குழுவோ, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவோ, தெருக்காரர்கள் குழுவோ. அதனால் உங்களுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற மாதிரிதான் இதுவும். முந்நூறு பேர் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அப்பளம் வராத ஒருத்தர் முகம் மட்டும் நம் கண்ணிலேயே நிற்கும்.

என் பெயர் உமா. செஞ்சியில் தாலுகா ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு ஒரு மன்றம் நடத்திக்கொள்கிற செயலி ஒன்று வந்தபோது, தமிழில் வேகமாக டைப் அடிப்பேன் என்ற ஒரே தகுதிக்காக என்னை அட்மினாகப் போட்டார்கள். இன்னொரு அட்மின் அமீன் பாய். என் கடைக்கு நாலு கடை தள்ளி பைக்குக்கு சீட் கவர் தைக்கிறவர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மன்றத்தில் யார் என்ன எழுதினாலும் அதன் கீழே ரெண்டு அம்பு இருக்கும். மேல் அம்பை நிறையப் பேர் அழுத்தினால் அந்தப் பதிவு மேலே ஏறும். கீழ் அம்பை அழுத்தினால் இறங்கும். எங்கள் ஊரில் அதற்கு ஏத்து, எறக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எனக்கு ஒரு ஏத்து போடுங்க" என்று பஸ்ஸில்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். தலைவர் கிடையாது, கட்சி கிடையாது, எது முக்கியம் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லிவிடுவார்கள், இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு என்ன இருக்கிறது என்று நான் நம்பினேன். அப்படி நம்பிக்கொண்டே நான் செய்ததும் செய்யத் தவறியதும் சிலது உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ரெண்டாவது சால்னா

நாங்கள் வைத்த முதல் பெரிய ஓட்டெடுப்பு பரோட்டாவுக்கு. செஞ்சியில் நல்ல பரோட்டா எந்தக் கடையில் என்று கேட்டிருந்தோம். மூன்று நாள் அவகாசம், ஆறு கடைகள். முதல் நாள் மூன்று கடைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தன. ரெண்டாம் நாள் சாயந்திரத்திலிருந்து ஒரே ஒரு கடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அமீன் பாய்க்குச் சந்தேகம். நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாப்பிடப் போனார். உட்கார்ந்ததும் இலை வரவில்லை, சப்ளை பண்ணுகிறவர் ஃபோனைக் கேட்டாராம். இவர் கொடுத்ததும், மன்றத்தைத் திறந்து, கடை பெயரைத் தேடி, ஏத்து அழுத்திவிட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் இலை வந்தது. தான் அழுத்தினது அட்மின் ஃபோன் என்று அவருக்குத் தெரியாது.

நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே ஒழிய, அந்த ஓட்டுகளை நீக்கவில்லை. ரெண்டாவதாக வந்தது, புருஷனும் பெண்டாட்டியுமாகத் தள்ளுவண்டியில் பரோட்டா போடுகிறவர்கள். அவர்கள் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். ஜெயித்த கடைக்காரர்தான் மறுநாள் முதலிடம் என்று போட்ட பக்கத்தை லேமினேஷன் பண்ண என் கடைக்கே வந்தார். இது தப்பில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொறுப்பாகப் பதில் சொன்னார்.

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலியேம்மா. ஓட்டுப் போட்டவங்களுக்கு ரெண்டாவது சால்னா உண்டு, போடாதவங்களுக்கு மொதல் சால்னாவோட சரி, அவ்ளோதான்."

பனமலை ஏரி

அடுத்த வருஷம் புகைப்படப் போட்டி வைத்தோம். நம் பக்கத்து ஊர்களில் எடுத்த ஒரு படம், யாருக்கு ஏத்து அதிகமோ அவர் படம் ஒரு வருஷத்துக்கு மன்றத்தின் முகப்பில் இருக்கும். ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், மழை விட்ட காலையில் ராஜகிரிக் கோட்டை மேல் மேகம் நிற்கிற படத்தை ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போட்டார். ஊரே படுக்கையை விட்டு எழாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அவருக்கு மேல்மலையனூரிலும் சொந்தக்காரர்கள் அதிகம். பத்து மணிக்குள் அவர் படம் முதலிடத்துக்குப் போய்விட்டது. மன்றத்தைத் திறந்தால் முதலில் தெரிவது முதலிடத்துப் படம். அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், அதற்குத்தான் மேலும் மேலும் ஏத்து விழுந்தது.

பனமலை வழியாகப் போகிற பஸ்ஸில் தாமோதரன் என்று ஒரு கண்டக்டர். அவரும் ஒரு படம் போட்டிருந்தார். விடிகிற நேரத்து ஏரி, தண்ணீரில் கோயில் தலைகீழாகத் தெரிகிறது, அந்தக் கோபுரத்தை ஒரு வாத்துக் கூட்டம் ரெண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. ட்ரிப் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவரால் போட முடிந்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணி. அது நாற்பது படங்களுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. நான் அதைப் பார்த்ததே கடைசி நாளில்தான். மொத்தம் ஏழு ஏத்து, அதில் ஒன்று என்னுடையது, ஒன்று அமீன் பாயுடையது.

பிறகு ஒருநாள் அவர் லைசென்ஸ் நகல் எடுக்க வந்தார். உங்கள் படம்தான் எல்லாவற்றிலும் நல்ல படம் என்று சொன்னேன். அதை மன்றத்தில் எழுதியிருக்கலாம், ரெண்டு நாள் மேலே தூக்கி வைத்திருக்கலாம், அட்மினுக்கு அந்த வசதி உண்டு. பாரபட்சம் என்று சொல்லிவிடுவார்களோ என்று செய்யவில்லை. அந்தப் போட்டிக்கப்புறம் அவர் படம் எதுவும் போடவில்லை. நகலைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"பஸ்ஸுல முன்னாடி ஏர்றவனுக்குத்தான் சீட்டுன்னு தினமும் நூறு பேருக்குச் சொல்றேன் மேடம், இங்கியும் அப்படித்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அவலூர்பேட்டை ஆட்டோ

அவலூர்பேட்டைக்கும் செஞ்சிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெருமாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்தக் கடையில் தேதி முடிந்த தயிர் விற்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் யார் கார் குறுக்கே நிற்கிறது என்று கடை பெயர், கார் நம்பரோடு மன்றத்தில் எழுதுவார். அதனால் அவருக்கென்று இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் என்ன எழுதினாலும், படிக்காமலே எறக்கு போடுவார்கள். காலை வணக்கம் சொன்னால்கூட எறக்கு. எறக்கு ஓர் அளவுக்கு மேல் போனால் அந்தப் பதிவு யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துவிடும். அட்மின் மட்டும் தனிப் பட்டியலில் பார்க்கலாம்.

ஓர் அமாவாசையன்று, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஆட்டோக்களில் பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு யாரோ தன் வண்டியில் காக்கிக் கலர் பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், உள்ளே ஃபைல் இருக்கிற மாதிரி இருக்கிறது, உரியவர்கள் அவலூர்பேட்டை ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பெருமாள் எழுதினார். கால் மணி நேரத்தில் இருபது எறக்கு. பதிவு மறைந்துவிட்டது. மறைந்த பட்டியலை நான் அன்றைக்குத் திறக்கவில்லை. கடையில் கூட்டம் என்பது நான் சொல்லிக்கொள்கிற சமாதானம். பெருமாள் பதிவுதானே என்ற அலட்சியமும் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நர்ஸிங் முடித்தவள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் தொலைந்துவிட்டது, போலீஸில் கொடுக்க மனு டைப் அடிக்க வேண்டும் என்றாள். எங்கே தொலைந்தது என்று கேட்டபடி டைப் அடித்தேன். அமாவாசையன்று அவலூர்பேட்டை ஷேர் ஆட்டோவில் என்றாள். என் கை நின்றுவிட்டது. மன்றத்தில் தேடினாயா என்றேன். அன்றைக்கே மூன்று தரம் பார்த்ததாகவும் ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். பெருமாளுக்கு ஃபோன் போட்டேன், அரை மணி நேரத்தில் அவரே பையோடு வந்துவிட்டார். ஆனால் முந்தின நாளே திண்டிவனத்தில் அவளுக்கு வேலைக்கு நேர்முகம் முடிந்துவிட்டது. ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விடவில்லையாம். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் நன்றி சொன்னாள். அவள் போன பிறகு பெருமாள் சொன்னார்:

"என் மேல கோவம்னா என்னை எறக்கட்டும்மா, அந்தப் பொண்ணு பையை எதுக்கு எறக்குனாங்க?"

எங்கள் நகர்

மூன்றாவது வருஷம் மன்றத்துக்கு ஒரு மரியாதை வந்தது. மாதம் முழுக்க ஜனங்கள் குறைகளை எழுதுவார்கள், எதற்கு ஏத்து அதிகமோ அதை மாதக் கடைசியில் நான் மனுவாக டைப் அடித்து, அமீன் பாயும் நானும் கையெழுத்துப் போட்டுப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுப்போம். ஒரு மாதத்துக்கு ஒரு மனு. இத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற காகிதத்துக்கு ஒரு கனம் இருந்தது. பெரும்பாலும் செய்தும் கொடுத்தார்கள்.

அப்படி ஒரு மாதம் எங்கள் நகர்க்காரர்கள், நகருக்குள் நுழைகிற இடத்தில் பெயர்ப் பலகை வேண்டும் என்று எழுதினார்கள். பார்சல் கொண்டுவருகிறவர்கள் வழி தெரியாமல் சுற்றுகிறார்களாம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுக்கு வர வேண்டிய மிக்ஸியும் ஒரு தரம் பக்கத்து நகருக்குப் போயிருக்கிறது. அந்தப் பதிவை மூன்று நாள் மேலே தூக்கி வைத்தேன். கண்டக்டருக்கு நான் செய்யாமல் விட்ட அதே வசதி. நகர் குழுவில் லிங்கும் அனுப்பினேன். பலகை சுலபமாக ஜெயித்தது. அந்த மாதம் ரெண்டாவதாக எது வந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. பலகை நட்ட அன்று எதிர்வீட்டுக் கல்பனா கடைக்கு இனிப்போடு வந்தாள்.

"நம்ம ஆளு ஒருத்தர் அட்மினா இருக்கறது எவ்ளோ வசதியா இருக்குது பாருக்கா."

பதினாலு பேர்

ரெண்டாவதாக வந்தது எது என்று, அடுத்த மாதம் செல்வி வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

செல்வி மல்லாட்டை மில்லில் வேர்க்கடலை உடைக்கிறவள். அவள் இருப்பது ஊருக்கு வெளியே வாய்க்காலைத் தாண்டி ஒரு சந்து, அதில் பதினோரு வீடுகள். வாய்க்காலின் மேல் ரெண்டு சிமென்ட் பலகைகளைப் போட்டிருக்கிறார்கள். அதுதான் அவர்கள் வெளியே வருவதற்கு ஒரே வழி. ஒரு பலகை உடைந்து பாதி உள்ளே போய்விட்டது. வெயில் காலத்தில் தாண்டிவிடலாம், மழை வந்தால் தண்ணீர் மேலே ஏறிப் பலகை எது, பள்ளம் எது என்று தெரியாது. இதைத்தான் அவள் போன மாதம் எழுதியிருக்கிறாள். தொடர்ந்து எழுதுங்கள், ஏத்து அதிகம் வந்தால் கட்டாயம் மனு கொடுப்போம் என்று நான் மிகவும் அன்பாகச் சொன்னேன். என்ன செய்தால் ஏத்து வரும் என்று கேட்டாள். தெரிந்தவர்களைப் போடச் சொல்லுங்கள் என்றேன். அவளுக்குத் தெரிந்தவர்கள் அந்தப் பதினோரு வீடுதான்.

ரெண்டு நாள் கழித்து மில் விடுகிற நேரத்தில் அவளோடு பதின்மூன்று பெண்கள் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். சிலரிடம் சொந்த ஃபோன், சிலர் வீட்டு ஆண்களின் ஃபோனைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். நிறையப் பேரிடம் நெட் இல்லை. நான்தான் கடை வைஃபையைப் போட்டுக்கொடுத்து, ஒவ்வொருவருக்கும் செயலியை ஏற்றி, எந்த அம்பை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். பதினாலு பேரும் ஓட்டுப் போட்டுவிட்டு, தேர்தலில் போட்டுவிட்டு வந்த மாதிரி சிரித்துக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே விழுந்திருந்த ஏத்துகளோடு இதுவும் சேர, வாய்க்கால் பலகை முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த மாதம் அதற்குப் போட்டி, கோட்டை தெரிகிற இடத்தில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் லைட் போட்டு வைக்க வேண்டும், ஜனங்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கோரிக்கை.

மறுநாள் செயலியிலிருந்து எனக்கு அறிவிப்பு வந்தது. ஒரே இணைப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதினாலு புதிய ஓட்டுகள், சந்தேகத்துக்கு உரியவை, ஏற்கலாமா நீக்கலாமா என்று ரெண்டு பட்டன். அதற்குள் லைட் எழுத்துக்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். அட்மின் தன் கடையிலேயே ஆள் கூட்டி ஓட்டுப் போடுகிறார் என்று எழுதி, போன மாதம் என் நகருக்குப் பெயர்ப் பலகை வந்ததையும் சேர்த்து எழுதினார்கள். அது உண்மைதான். அந்த உண்மைதான் என்னைச் சுட்டது. நான் பாரபட்சம் இல்லாதவள் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அமீன் பாய் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார், வருகிறவரை பொறுத்திருக்கலாம். பொறுக்காமல் 'நீக்கு' என்பதை அழுத்தினேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஒரு பதிவும் போட்டேன். அதற்கு நிறைய ஏத்து கிடைத்தது.

லைட் எழுத்து ஜெயித்தது. செல்வி தனியாக வந்தாள். ஒரே இடத்திலிருந்து போட்டால் செயலி ஏற்றுக்கொள்ளாது, அது கம்ப்யூட்டர் விதி என்று நான் விளக்கினேன். அவள் சத்தம் போடவில்லை. நான் சொன்னதெல்லாம் முடிகிறவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நாங்க பதினாலு பேரும் உங்க எதிர்ல நின்னுதானேக்கா போட்டோம்?"

ஆயிரத்துக்கு மேல்

ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை செல்வியின் புருஷன் முருகன் வாய்க்காலைத் தாண்டினார். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். லாரி வருகிறது என்று சீக்கிரம் கிளம்பியிருக்கிறார். தண்ணீர் மேலே ஓடியிருக்கிறது. சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சந்துக்காரர்கள் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துதான் ஆம்புலன்ஸில் ஏற்ற முடிந்தது. யாரோ அதைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டுவிட்டார்கள்.

அன்று சாயந்திரத்துக்குள் ஆயிரம் ஏத்து தாண்டிவிட்டது. பெருமாளை இறக்கினவர்கள், லைட் எழுத்துக் கேட்டவர்கள், எங்கள் நகர்க்காரர்கள் எல்லாரும் போட்டிருந்தார்கள். மன்றத்தின் வரலாற்றிலேயே அதிகம் ஏறிய பதிவு அதுதான். மனு எழுத வேண்டிய அவசியம்கூட இல்லாமல் நாலே நாளில் ரெண்டு புதிய பலகைகள் வந்து இறங்கின. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடிபட்ட மனுஷனைப் பார்த்தால் அத்தனை பேருக்கும் மனசு இளகுகிறது. அடிபடப் போகிற மனுஷனை அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்த எனக்கு விதி பெரிதாகப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து செல்வி ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுக்க வந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், ஊரே உங்களுக்காகப் போட்டிருக்கிறது பார் என்று ஃபோனை எடுத்து அந்தப் பதிவைக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டு, கட்டிலில் புருஷன் கிடக்கிற அந்தப் படத்தையும் கீழே இருந்த எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு எங்க ஓட்டு செல்லாதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு இம்மாம் ஓட்டு செல்லுதே, இத்த வச்சிக்கினு நான் இன்னாக்கா பண்றது?"

ஓட்டுக்கு விட்ட யோசனை

அந்த வாரமே நான் ஒரு யோசனை எழுதினேன். ஒரு மாதம் ஓட்டுப்படி மனு கொடுப்போம், அடுத்த மாதம் சின்னத் தெருக்களின் குறைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, வருவதைக் கொடுப்போம். யாருக்கு ஆள் பலம் இல்லையோ அவர்கள் முறையும் வரட்டும் என்று. விதியை மாற்ற வேண்டுமானால் மன்றம் ஓட்டுப் போட வேண்டும். போட்டார்கள். ஏத்துக்கு மூன்று மடங்கு எறக்கு. அட்மின் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கப் பார்க்கிறார், ஜனநாயகத்தில் குலுக்கல் எதற்கு என்று எழுதினார்கள். செல்வி ஓட்டுப் போடவில்லை. எக்ஸ்ரே படங்களுக்கு ஃபோனில் இடம் போதவில்லை என்று செயலியை அழித்துவிட்டாளாம்.

எனக்கு அழுகையாக வந்தது. சீட் கவருக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த அமீன் பாயிடம் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பேசித் தேற்றவில்லை. வேலூரிலிருந்து வந்த அன்றே, நான் வந்தபிறகு அழுத்தியிருக்கலாமே என்று ஒரு தரம் சொன்னவர், அப்புறம் அதைப் பற்றி எடுக்கவே இல்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எறக்கு போட்டவங்க எல்லாரும் நல்லவங்கதான் தங்கச்சி. அந்தச் சந்துல ஒருநாள் நடந்திருந்தா போட்டிருக்க மாட்டாங்க, அவ்ளோதான்."

விலகல்

ஒரு மாதத்தில் நான் அட்மின் பொறுப்பை விட்டுவிட்டேன். கூடவே அமீன் பாயும். நீக்கின அந்தப் பதினாலு ஓட்டைப் பற்றி, யார் போட்டது, யார் நீக்கினது, எதற்காக நீக்கினேன் என்று எல்லாவற்றையும் விலகல் பதிவில் எழுதினேன். எழுதி முடித்ததும் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. சிலர் பெரிய மனசு என்று பாராட்டினார்கள், சிலர் நாடகம் என்றார்கள். ரெண்டும் எனக்குத் தேவைப்பட்டவர்களிடமிருந்து வரவில்லை.

முருகனால் இப்போது கைத்தடியோடு நடக்க முடிகிறது, மூட்டை தூக்க முடியாது. அமீன் பாய் அவரைத் தன் கடையில் சேர்த்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வெட்டுகிறார், கை நேராக வருகிறது என்று பாய் சொல்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் முருகன் தலையசைத்து ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போடுவார். நான்தான் உட்காராமல் வந்துவிடுகிறேன்.

செல்வி போன வாரம் கடைக்கு வந்தாள். சந்தில் ஒரு கரண்ட் கம்பம் சாய்கிறதாம், மனு எழுத வேண்டும். நான் டைப் அடித்து, நானே கரண்ட் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஓட்டெல்லாம் வேண்டாம் என்றேன். அவள் காகிதத்தை வாங்கி, ஓர் எழுத்தும் விடாமல் படித்துப் பார்த்து, கீழே பதினாலு பேருக்கும் கையெழுத்துப் போட இடம் விடச் சொன்னாள். விட்டேன். மடித்து எடுத்துக்கொண்டாள்.

"நீங்க வர வேணாங்கா, நாங்களே போய் எதிர்ல நின்னு குடுத்துட்டு வர்றோம்."

எல்லாருடைய ஓட்டும் சமம் என்று நாலு வருஷம் ஊருக்கு எழுதிக்கொண்டிருந்த நான், ஓட்டுப் போட ஒரு ஃபோனும் அதில் கொஞ்சம் நெட்டும், கேட்டால் உடனே போட்டுவிடுகிற ஐம்பது சொந்தக்காரர்களும் எல்லாருக்கும் சமமாக வாய்த்திருக்கிறதா என்று ஒரு தரம்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் நான் பார்த்த அட்மின் உத்தியோகத்தின் மொத்த லட்சணம்.